மழைத்தண்ணீரை ருசி பார்த்தவர்

எதை ருசி பார்த்தாலும் மாஸ்டரின் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். கரண்டி உதட்டைத் தொட்டதும் மூடும். நாக்கு தன் வேலையை முடித்ததும் திறக்கும். இப்படி ஒரு பழக்கம் தனக்கு இருப்பது அவருக்கே தெரியாது. கல்யாணமான புதிதில், மனைவி போட்டுக்கொடுத்த முதல் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அவர் ஒற்றைக் கண்ணை மூடியபோது, தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறார் என்று அவள் நினைத்துவிட்டாள். வெட்கம் தாங்காமல் சமையலறைக்குள் ஓடியவளின் பின்னாலேயே வந்து, "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்றார். அன்று தொங்கிய முகம் நிமிர அவளுக்கு ரொம்ப நேரமாயிற்று.

அதற்குப் பிறகு அவள் அவர் வாயைப் பார்ப்பதில்லை, கண்ணைத்தான் பார்ப்பாள். சட்டென்று மூடித் திறந்தால் எல்லாம் சரி. மூடிய கண் மூடியபடியே இருந்தால் ஏதோ குறைகிறது என்று அர்த்தம். சாப்பாடு பரிமாறிவிட்டு, தைக்கிற துணியை மடியில் வைத்துக்கொண்டு, ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அந்தக் கண் பொய் சொன்னதில்லை.

மாஸ்டருக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் கேன்டீனில் வேலை. டாக்டர்கள், நர்சுகள், நோயாளியோடு கூட வந்தவர்கள் என்று நாள் முழுவதும் வரிசை நிற்கும். சூப், கறி, சோறு, வேகவைத்த காய் எல்லாம் அவர் கைவழியாகத்தான் போகும். அங்கே அவருக்கு 'நாக்கு மாஸ்டர்' என்று பெயர். அண்டா கொதிக்கும்போது வருகிற ஆவியை முகர்ந்தே, "உப்பு பத்தல, இன்னொரு கை போடு" என்பார். போட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். வரிசையில் நிற்பவர்கள் நோயைப் பற்றிப் பேசி அலுத்துப்போனால் இதைப் பற்றிப் பேசுவார்கள்.

வீட்டில் இருந்த மீன்தொட்டியும் கேன்டீனிலிருந்து வந்ததுதான். சாப்பிடும் கூடத்தை இடித்துக் கட்டியபோது தூக்கிப் போடப் போனதைக் கேட்டு வாங்கி வந்து, ஹாலில் அவளுடைய தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். முதலில் அவள் முணுமுணுத்தாள். துணி வெட்ட மேஜை போட இருந்த இடம் அது. ஆனால் அவர் அதில் மண் நிரப்பி, செடி நட்டு, கல்லில் பாசி கட்டி, விளக்குப் போட்ட பிறகு, ஹாலுக்குள் யாரோ ஒரு சின்னக் காட்டைக் கொண்டுவந்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. நீண்ட இலைகள் சாய்ந்தாடும். நடுவில் நீலக்கோடு போட்ட குட்டி மீன்கள் கூட்டமாகத் திரும்பும். பாசிக்குள் கண்ணாடி போன்ற சின்ன இறால்கள் எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டிருக்கும். மெஷினை மிதித்துக் கண் எரிந்தால் அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் கடினமானது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும்; கண்ணாடி டம்ளரைத் துடைக்காமல் வைத்தால் திட்டுத்திட்டாகக் காயும். செடிகளுக்கும் நீலக்கோடு மீன்களுக்கும் அது ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் மாஸ்டர் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைக்குழாயின் கீழே இரண்டு நீல டிரம்களை வைத்தார். வாய்க்கு வலை வேண்டும் என்றதும் அவள் திரைச்சீலைக்கு வாங்கியதில் மிஞ்சிய வலைத்துணியை வெட்டி, எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். டிரம்மின் அடியில் ஒரு குழாய். வாரத்துக்கு ஒருமுறை தொட்டியில் பழைய தண்ணீரை இறக்கிவிட்டு, மழைத்தண்ணீர் பாதி, குளோரின் போக வாளியில் ஊறவைத்த குழாய்த் தண்ணீர் பாதி கலந்து ஊற்றுவார்.

"முழுசா மழைத்தண்ணியே ஊத்துனா என்ன?" என்று அவள் ஒருதரம் கேட்டாள்.

"அதுல ஒண்ணுமே கிடையாது. உப்பில்லாத சோறு மாதிரி. குழாய்த்தண்ணி உப்பு அள்ளிப் போட்ட சோறு. ரெண்டையும் சேர்த்தாத்தான் பந்தி நடக்கும்."

அவருக்குத் தண்ணீரும் சமையல்தான். முதல் மழையைச் சேர்க்கமாட்டார். கூரைத் தூசி, பறவை எச்சம் எல்லாம் கழுவிப் போகட்டும் என்று குழாயைத் திருப்பி வைத்துவிடுவார். தொப்பலாக நனைந்துகொண்டு நின்று, உள்ளங்கையில் ஏந்தி, ஒரு வாய் வைத்துப் பார்ப்பார். இடது கண் மூடும். துப்பிவிட்டு, "இன்னும் மண்ணு வாடை போகல" என்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. கண் சட்டென்று மூடித் திறந்தால் குழாய் டிரம்முக்குத் திரும்பும். வெளியூரில் வேலை பார்க்கும் மகள், தண்ணீரைச் சோதிக்கிற மருந்துப்பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தாள். சொட்டு விட்டால் நிறம் மாறுமாம். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. "எனக்கு எதுக்கு சொட்டு? ஆண்டவன் வாய்க்குள்ளயே வச்சு அனுப்பியிருக்கான்" என்று அலமாரி மேலே தூக்கிப் போட்டுவிட்டார்.

ஒரு குளிர்காலத்தில் வீட்டில் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் வந்ததுதான். அவளுக்கு உடம்புவலி ஒரு வாரம் இழுத்தது. அவர் சீக்கிரமே எழுந்து வேலைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு அவர் சாப்பிடும்போது கண் மூடவில்லை.

அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தனக்குள் ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாள். வயசாகிறது, களைப்பு, நினைப்பு வேறெங்கோ இருக்கிறது என்று. அவர் முன்னைக்காட்டிலும் அதிகமாகப் பாராட்டினார் என்பதால் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. "இன்னிக்கு பிரமாதம்" என்பார், இரண்டு கண்ணும் திறந்தபடி. ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து, கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து கதவைத் தட்டினார். மாஸ்டர் அடுப்பங்கரையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "படிக்க ஆரம்பிச்சா எனக்கு உலகமே தெரியாது" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் கேன்டீன் முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டனுப்பினார். இன்னும் சில இடங்களில் அவர் கேன்டீன் எடுத்திருந்தார். சமைக்க ஆள் கிடைத்துவிட்டது. ருசி பார்க்கத்தான் ஆள் இல்லை. காலையில் வேனில் கிளம்பி ஒவ்வொரு இடமாகப் போய், மாஸ்டர் ஒரு கரண்டி வாயில் வைத்துச் சரி என்றால்தான் சாப்பாடு வெளியே போகவேண்டும். அடுப்படி வேலை இனி வேண்டாம். நின்று நின்று நரம்பு சுருட்டிக்கொண்ட கால்களுக்கு ஓய்வு. சாயங்காலம் வீட்டில் இருக்கலாம்.

அவள் இதைக் கேட்டுத் துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். அவரோ சட்டைப் பித்தானைக் கழற்றியபடி, "பார்க்கலாம். திங்கக்கிழமை பதில் சொல்றேன்னிருக்கேன்" என்றார்.

"இதுல பார்க்க என்ன இருக்கு?"

"வேன்ல போனா எனக்கு வயித்தைப் புரட்டும்."

அவருக்கு எந்த வண்டியிலும் வயிற்றைப் புரட்டியதாக அவளுக்கு நினைவில்லை. ஆனால் அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. நூலைக் கோத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

அந்த வார நடுவிலேயே மழை பிடித்தது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த டிரம்கள் இரண்டும் ஒரே மழையில் நிரம்பி வழிந்தன. கோடை முழுக்கக் குழாய்த் தண்ணீரையே ஊற்றியதில் தொட்டியின் கண்ணாடி ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. செடிகளின் நுனி சுருண்டிருந்தது. "இந்தத் தடவை கலவை கிடையாது. முக்கால்வாசி இறக்கிட்டு முழுக்க மழையே ஊத்துவோம். ரொம்ப நாளா உப்புச்சோறு தின்னு அலுத்துப்போயிருக்குங்க" என்றார் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை காலை வாளியும் குழாயுமாகக் கிளம்பினார். அவள் துவைத்த துணியை உலர்த்த மாடிப்படிக்குப் பின்னால் போனவள், டிரம் பக்கம் அவர் குனிவதைப் பார்த்தாள். அடிக்குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து, வாயில் வைத்தார். வாயில் கொப்பளித்தார். துப்பினார்.

"எப்படி?" என்றாள்.

"அமிர்தம்" என்றார்.

இரண்டு கண்ணும் திறந்தே இருந்தன.

அவள் உள்ளே வந்து மெஷினில் உட்கார்ந்தாள். மேல்வீட்டு நர்சின் யூனிபாரத்துக்கு ஓரம் மடித்துத் தைக்கவேண்டியிருந்தது. அவர் வாளி வாளியாகக் கொண்டுவந்து, மண் கலையாமல் இருக்க ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாக ஊற்றினார். கடைசி வாளியைப் பிடிக்கச் சொன்னபோது அவளும் எழுந்துபோய் அடியில் கை கொடுத்தாள். கை நனைந்தது. புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

முதலில் பார்த்தது அவள்தான். பாசிக்குள்ளேயே கிடக்கும் இறால்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வெளியே வந்து கண்ணாடியில் முட்டி முட்டிக் குதித்தன. ஒன்று தண்ணீரை விட்டே எகிறி, மேஜைமேல் இருந்த வெள்ளைத் துணியில் விழுந்து துடித்தது. நீலக்கோடு மீன்கள் மேலே ஏறி வாயைப் பிளந்தன. ஒரு மீன் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, பம்பரம்போல் சுழன்று, மல்லாந்தது.

"என்னங்க" என்றாள். "என்னங்க, இங்க பாருங்க."

அவர் வந்து பார்த்துவிட்டு வாளியைக் கையில் பிடித்தபடியே நின்றார். "புதுத் தண்ணி. குளிர்ச்சி. கொஞ்ச நேரத்துல பழகிடும்" என்றார். ஆனால் அவர் சொல்லும்போதே இன்னொன்று மல்லாந்தது.

மெஷினில் ஓடிக்கொண்டிருந்த நூல் அறுந்துபோயிருந்தது. என்ன செய்வது என்று தெரியாதபோது கை தன் பழக்கத்தைத்தான் செய்யும். அறுந்த நூலை எடுத்து விரலால் முறுக்கி, நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்கினாள்.

உப்பு கரித்தது.

விரலை நக்கிப் பார்த்தாள். உப்பு. எழுந்து தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். கறியில் போடுவதைவிட அதிகமான உப்பு.

"தண்ணில உப்பு இருக்குங்க."

"மழைத்தண்ணில எங்கிருந்து உப்பு வரும்? உளறாத."

அவள் சொம்பை எடுத்துக்கொண்டு டிரம்முக்கு ஓடினாள். அடிக்குழாயைத் திறந்து பிடித்து ஒரு வாய் வைத்ததும் குமட்டிக்கொண்டு துப்பினாள். கடல் தண்ணீர் தோற்றுவிடும். இதையா சற்றுமுன் அவர் வாய்நிறையக் கொப்பளித்தார்? இதையா அமிர்தம் என்றார்?

படியில் காலைவைத்தபடி அவள் அப்படியே நின்றாள். பால் தீய்ந்தது. பிரமாதம், பிரமாதம் என்று தட்டைக் காலி செய்தது. வேனில் வயிற்றைப் புரட்டும் என்றது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளிடம் வந்து, தாமாகவே வரிசையில் நின்றன. சொம்பை ஏந்திக்கொண்டு உள்ளே போய் அவரிடம் நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்க."

அவர் ஒரு வாய் வைத்தார். விழுங்கினார். பிறகு தன் முகம் எப்படி இருக்கவேண்டும் என்று தெரிந்துகொள்ள அவள் முகத்தைப் பார்த்தார்.

அதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. மீன் சாவதைவிட அதுதான் அவளை உலுக்கியது. தெரியாத பாஷைக்காரர் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள், அடுத்தவன் சிரித்தால் தானும் சிரிக்கலாம் என்று காத்திருப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"எப்ப இருந்து?" என்றாள்.

"முதல்ல மீனைப் பார்ப்போம்" என்றார்.

ஊறவைத்த குழாய்த் தண்ணீர் இரண்டு வாளி இருந்தது. இரண்டு பேரும் வலையால் அள்ளினார்கள். உயிரோடு இருந்தவை எவை, போனவை எவை என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. அவர் அவசரத்தில் வலை தொட்டிச் சுவரில் கடகடவென்று அடித்துக்கொண்டது. இறால்களை அவள் விரலாலேயே பொறுக்கினாள். பாதிக்குமேல் அசையவில்லை.

யூனிபாரத்தை வாங்கிப்போக மேல்வீட்டு நர்ஸ் இறங்கி வந்தது அந்த நேரத்தில்தான். நர்சின் மகனுக்குக் கொசுக் காய்ச்சல் வந்து இப்போதுதான் தேறியிருந்தான். வாசலிலேயே நின்று ஈரத்தரையைப் பார்த்தாள்.

"என்னாச்சுக்கா?"

"டிரம்ல யாரோ உப்பு கொட்டியிருக்காங்க தங்கச்சி."

நர்சின் கை வாய்க்குப் போயிற்று. "நான்தான்க்கா."

மாஸ்டர் வலையோடு திரும்பினார்.

"வலை கிழிஞ்சிருந்துச்சுண்ணா. உள்ள எட்டிப் பார்த்தா கொசுப்புழு நெளியுது. தேங்குன தண்ணியெல்லாம் கொட்டிடுங்கன்னு வீடு வீடா வந்து சொல்றாங்க. உங்க தண்ணியக் கொட்ட எனக்கு மனசு வரல. கல்லுப்பு போட்டா புழு செத்துடும்னாங்க. மீனுக்கு ஏதாவது ஆகுமோன்னு நான் யோசிச்சேன்ணா, சத்தியமா யோசிச்சேன். மீன் கடையில பார்த்திருக்கேனே, சீக்கு வந்த மீனுக்கு உப்புதானே போடுறாங்க. மீனுக்கு நல்லது, கொசுவுக்குக் கெட்டதுன்னு..." வாசலிலிருந்தே வாளியை எட்டிப் பார்த்தாள். "நேத்து டூட்டி முடிச்சு வந்து பாக்கெட் பாக்கெட்டாக் கொட்டினேன். காலைல சொல்லலாம்னு இருந்தேன். அசந்து தூங்கிட்டேன்."

கொட்டிய கல்லுப்பு கரைந்து அடியில் கனத்து நின்றிருக்கிறது. அடிக்குழாயில் அதுதான் வந்திருக்கிறது. அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அள்ளிக்கொட்டியது அன்புதான். வாயில் வைத்துப் பார்த்தவர் ஒருவார்த்தை சொல்லியிருந்தால் அந்த அன்பு டிரம்மோடு நின்றிருக்கும்.

"நீ நினைச்சது சரிதான்மா. உப்பு நல்லதுதான். அளவுதான் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் மாஸ்டர். பிறகு, "என் சமையல் மாதிரி" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். நர்சுக்கு அது புரியவில்லை. யூனிபாரத்தை வாங்காமலே, கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறிப் போனாள்.

அவள் கதவைச் சாத்தினாள். அவர் தரையில், வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிழைத்த மீன்கள் வாளியின் அடியில் ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கின.

"காய்ச்சல்ல போச்சு. வாசனை முதல்ல. அப்புறம் ருசி. சளி போனா வந்துடும்னு இருந்தேன். வரல."

"இத்தனை மாசமா?"

"ம்."

"நேத்து கறி நல்லா இருந்துச்சுன்னீங்க."

"நல்லாத்தான் இருந்திருக்கும்."

அவளுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு முட்டியது. சிரிப்பு வந்த வழியிலேயே அழுகையும் வந்தது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். "ஒருதடவையாவது சொல்லியிருக்கலாம். என்கிட்டயாவது."

"என்னன்னு சொல்ல? நாக்கு மாஸ்டருக்கு நாக்கு இல்லன்னா? காது கேக்காதவன் பாட்டு வாத்தியாரா இருக்கான்னா ஊரு சும்மா இருக்குமா? வாயில பஞ்சு அடைச்சா மாதிரி இருக்கு. சூடு தெரியுது, காரம் எரியுது, அவ்வளவுதான். நீ போடுற டீ வெந்நீர்தான் எனக்கு."

"அங்க எப்படிச் சமைக்கிறீங்க?"

"கை பழக்கம். கை எத்தனை போட்டதோ அத்தனை போடுது."

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

அவர் வாளியைப் பார்த்தார். "முதல்ல வேண்டாம்னு நினைச்சேன். அப்புறம் சரின்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன். வேன்ல போய் ஒரு கரண்டி வாயில வச்சு, தலையாட்டணும். அவ்வளவுதானே. இங்க அடுப்புல நின்னா என்னிக்காவது மாட்டிக்குவேன். அங்க தலையாட்டுறவனை யாரு கேக்கப்போறா?"

அவள் எழுந்துபோய் ஜன்னல் ஓரம் நின்றாள். கேன்டீனில் சாப்பிடுகிறவர்கள் நோயாளிகள், அவர்களோடு இருக்கிறவர்கள். கெட்டுப்போன பாலையும் புளித்த கறியையும் அவர் வாய் அமிர்தம் என்றுதான் சொல்லும். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவள், பெரியவர்கள் நடுவில் பேசிப் பழகாதவள். இருந்தாலும் இதை அவளால் விழுங்கமுடியவில்லை.

"தலையாட்டித்தான் இதுங்க செத்துது" என்றாள், திரும்பாமலே. "நாளைக்கு நானும் வரேன்."

மறுநாள் காலைச் சமையலை முடித்துவிட்டு அவளை அழைத்துப்போக வந்தார்; அவர் முன்னால் நடக்க, அவள் பின்னால் நடந்தாள். கேன்டீன் சமையலறைக்குள் அவள் வருவது அதுதான் முதல் தடவை. ஆவி முகத்தில் அடித்தது. மேடைக்குப் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த, இரண்டாவது அடுப்பைப் பார்க்கிற பெரியக்கா நிமிர்ந்து, "இதுதான் வீட்டுக்காரம்மாவா? இத்தனை வருஷமா ஒளிச்சு வச்சிருந்தீங்களே மாஸ்டர்" என்றாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. முதலாளியம்மா ஓரமாக உட்கார்ந்து தட்டில் பாதி சாப்பிட்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், வேன் சொல்லிடட்டுமா?"

"எனக்கு ருசி தெரியலம்மா."

"எதுல?"

"எதுலயும்."

முதலாளியம்மாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. தட்டைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். "அப்ப இதைச் சமைச்சது?"

"நான்தான்."

"எப்ப இருந்து இப்படி?"

"குளிர்காலத்துக் காய்ச்சல்ல இருந்து."

"அன்னில இருந்து நான் தினம் இங்கதான் சாப்பிடுறேன். நல்லாத்தானே இருக்கு."

மாஸ்டருக்கு அதுதான் பெரிய அடியாக விழுந்தது என்று அவள் கண்டாள். வேலை போய்விடும் என்று நடுங்கிக்கொண்டு வந்தவர், இப்போது அவமானப்பட்டவர்போல் சிவந்தார். "ஒருத்தருக்குக்கூடவா தெரியல? ஒரு ஆளுகூட வந்து உப்பு கூட, குறைச்சல்னு சொல்லல?"

"எப்படிச் சொல்வாங்க?" என்றாள் பெரியக்கா. கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்க ஒருநாள் சூப்ல ரெண்டு தடவை உப்பு போட்டீங்க. மறுநாள் சுத்தமா போடவே இல்ல. நீங்க அந்தப் பக்கம் நகர்ந்ததும் நான் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்து சரி பண்ணினேன். அப்புறம் தினமும் அதுவே வேலையாப் போச்சு."

அண்டா ஒன்று தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்றார் மாஸ்டர். "ஏன் சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா?"

முதலாளியம்மா தட்டை ஒதுக்கினார். அவருக்குக் கோபம் வந்தது, இருவர்மேலும் வந்தது. ஆஸ்பத்திரியில் கேன்டீன் வைத்துக்கொண்டு இப்படி ஒரு விளையாட்டா என்று கேட்டார். கெட்டுப்போனது ஒன்று வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். இரண்டு பேரும் தலைகுனிந்து கேட்டார்கள். கடைசியில் மாஸ்டரின் மனைவி பக்கம் திரும்பி, "உனக்கும் தெரிஞ்சிருந்துதா?" என்றார்.

"நேத்துதான் தெரிஞ்சுது. மீனு செத்ததுல" என்றாள் அவள். முதலாளியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கமாகச் சொன்னது மாஸ்டர்தான். டிரம், கல்லுப்பு, அமிர்தம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்தபோது பெரியக்கா முதுகைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் நறுக்க ஆரம்பித்திருந்தாள்.

இது நடந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. வேனில் போய் ருசி பார்க்கிறவள் இப்போது பெரியக்கா. மாஸ்டர் பழைய அடுப்பிலேயே நிற்கிறார். உப்பைத் தராசில் நிறுத்துப் போடுகிறார், ருசி பார்க்க இன்னொரு ஆள் பக்கத்தில் நிற்கிறாள். நாக்கு மாஸ்டர் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை, வெறும் மாஸ்டர்தான். போன ருசி வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சில நாள் எதுவுமே தீயாதபோது தீய்ந்த வாடை அடிக்கிறது என்று எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறார்.

தொட்டியில் இருந்த நீண்ட இலைச்செடிகள் அந்த வாரமே கண்ணாடிபோல் ஆகி, கூழாகக் கரைந்துவிட்டன. கல்லில் கட்டிய பாசி பழுத்துக் கருகி, பிறகு ஒரு ஓரத்தில் பச்சை விட்டு, இப்போது கல்லை மூடிவிட்டது. நீலக்கோடு மீன்களில் பிழைத்தவை கொஞ்சம். புதிதாக வாங்கி விட்டவை கொஞ்சம். டிரம்களுக்குக் கெட்டியான மூடி வாங்கிக் கொடுத்தவள் மேல்வீட்டு நர்ஸ். மகள் அனுப்பிய மருந்துப்பெட்டியைப் பிரித்து, மாஸ்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு சொட்டு எண்ணுகிறார். அப்படியும் அதை முழுசாக நம்புவதில்லை. மழை பெய்தால் குழாய்க்குக் கீழே கையை நீட்டி, ஒரு வாய் வைத்துப் பார்த்து, சேர்க்கலாமா வேண்டாமா என்று சொல்வது இப்போது அவள்தான். அவர் பக்கத்தில் நனைந்துகொண்டு நிற்பார். அவர் இடது கண் இன்னும் மூடவில்லை.